கோயிற் சாவி யாருடைய கையில்? – தொண்டர்களுக்குள் வரும் பிணக்குகள் பற்றிச் சில எண்ணங்கள்



புலம்பெயர்ந்த நாடுகளில் எமது கோயில்கள் யாவும் தொண்டர்களின் தோளில்தான் நிற்கின்றன. சம்பளம் பெற்றுப் பணி செய்பவர் அனேகமாகச் சுவாமியார் ஒருவர் மட்டுமே. அவரும் இங்கே ஜேர்மனியில் ஒரு நகரத்துக்கு மட்டும் உரியவரல்ல. இந்த ஞாயிறு எங்களுக்கு, அடுத்த ஞாயிறு இன்னொரு நகரத்துக்கு என்று ஓடிக்கொண்டிருப்பவர். அவர் வந்து பூசை வைத்துவிட்டுப் போகும் அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளை யார் செய்கிறார்கள்? ஜேர்மன் பங்கு அலுவலகத்தில் சாவி வாங்குவது, பாட்டுப் பழக்குவது, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிப்பது, மண்டபத்தில் கதிரை அடுக்குவது, ரீ ஊற்றுவது, கடைசியில் கூட்டித் துடைத்துக் குப்பையைத் தரம் பிரித்துப் போடுவது வரை எல்லாம் எம்மவர்கள்தான். அதுவும் கிழமை முழுவதும் தொழிற்சாலையிலும் உணவகத்திலும் முறிந்துவிட்டு வந்து செய்கிறார்கள்.

இந்த நல்ல மனிதர்களுக்குள்தான் சண்டையும் வருகிறது. பாடகர் குழுவில் ஒலிவாங்கியை யார் பிடிப்பது என்று தொடங்கிய ஒரு பிணக்கு, ஒரு சமூகத்தையே இரண்டாகப் பிரித்ததை நான் அறிவேன். ஒரே நகரம், ஒரே மாதா, ஆனால் இரண்டு ஒளிவிழா. பெரியவர்கள் பிரிந்து நின்று தங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு மூன்று வருடத்தில், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் வராமல் விட்டுவிட்டார்கள். கேட்டால், "உங்கட சண்டையைப் பார்க்கவோ நாங்கள் ஞாயிற்றுக்கிழமை எழும்பி வரவேணும்?" என்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது? ஆகவே இது ஆட்களைப் பற்றிய வம்புக் கதையல்ல. எமது பிள்ளைகள் கோயிலையும் தமிழையும் விட்டுப் போவது பற்றிய கதை.

நான் இறையியல் படித்தவனல்ல. சாதாரணதரத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. இப்போது ஒரு தொழிற்சாலையில் மூன்று முறை மாறி மாறி வேலை செய்கிறேன். நாலு வருடமாக எமது நகரத்து நிர்வாகசபையில் செயலாளராக இருந்து கண்டதையும், வேதாகமத்தில் வாசித்ததையும், தொழிற்சாலையில் கற்றதையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஏன் இப்படி நடக்கிறது?

ஊரில் ஒருவர் பாடசாலை அதிபராக இருந்திருப்பார். சங்கக்கடை முகாமையாளராக இருந்திருப்பார். வீதியில் போனால் சைக்கிளை விட்டு இறங்கி மரியாதை செய்வார்கள். இங்கே அவர் உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவுகிறார். மகன் வயதுள்ள ஒருவன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை ஏவுகிறான். கிழமையில் ஆறு நாள் அவருக்குப் பெயர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தால்தான் அவர் 'தலைவர்', 'மாஸ்ரர்', 'ஐயா'. அந்தப் பதவியில் யாராவது கை வைத்தால் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே மரியாதையையும் பறிப்பது போல இருக்கிறது. வெளியில் இருந்து பார்ப்பவர், "ஒரு சாவிக்கு இவ்வளவு சண்டையோ?" என்று சிரிக்கலாம். அவருக்கு அது வெறும் சாவியல்ல.

இரண்டாவது காரணம், நாங்கள் எல்லோரும் காயப்பட்டவர்கள். இழந்தவர்களும், முகாமில் இருந்தவர்களும், விசா முடிவுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்களும் ஒரே மண்டபத்தில் இருக்கிறோம். சின்னச் சொல்லும் பெரிதாகக் குத்தும்.

மூன்றாவது, சம்பளம் வாங்குபவரை முதலாளி கேள்வி கேட்கலாம். சம்பளம் வாங்காதவரைக் கேட்பதற்கு எல்லோருக்கும் கூச்சம். "பாவம், சும்மா செய்யிற மனுசன்" என்று பேசாமல் இருப்போம். அப்படிப் பேசாமல் இருந்து இருந்து, பத்தாவது வருடம் ஒரேயடியாக வெடிக்கிறோம்.

கரைச்சல் தருபவர் எல்லோரும் ஒரு வகையல்ல

எங்கள் ஆட்கள் எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுவார்கள். அது சரியல்ல. நான் கண்ட அளவில் நாலு வகை உண்டு.

முதலாமவர் எல்லாம் தானே செய்பவர். கதவு திறப்பதும் அவர், பூ வாங்குவதும் அவர், யாரையும் பக்கத்தில் விடமாட்டார். பிறகு, "ஒருதரும் உதவி இல்லை" என்று குறைப்படுவார். இவர் கெட்டவரல்ல. வேலையில் இருந்து வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரியாதவர்.

இரண்டாமவர் வாய்க் கடுப்பு உள்ளவர். வேலை நேர்த்தியாக இருக்கும். ஆனால் சமையற்கட்டில் புதிதாக வந்த பிள்ளை வெங்காயத்தைப் பெரிதாக வெட்டிவிட்டால் எல்லோருக்கும் முன்னால் கத்துவார். அந்தப் பிள்ளை மறுமுறை வராது.

மூன்றாமவர் பெயர் கொடுத்துவிட்டு வராதவர். கூட்டத்தில் முதலில் கை உயர்த்துவார். பெருநாள் அன்று காலையில் தொலைபேசி எடுக்கமாட்டார்.

நாலாமவர் கேள்வி கேட்பவர். "போன வருடக் கணக்கு எங்கே? இந்த முடிவு எந்தக் கூட்டத்தில் எடுத்தது?" என்று கேட்பார். நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு இவர்தான் பெரிய கரைச்சல்காரராகத் தெரிவார். ஆனால் பல நேரம் நியாயம் இவர் பக்கமே இருக்கும். ஒருவரைக் 'குழப்பவாதி' என்று பெயர் சூட்ட முன்னர், அவர் கேட்டதற்கு நாங்கள் பதில் சொன்னோமா என்று பார்க்க வேண்டும்.

ஆதித் திருச்சபையிலும் பந்திச் சண்டை

எமக்குள் மட்டும்தான் இப்படி என்று வெட்கப்படத் தேவையில்லை. திருத்தூதர் பணிகள் நூலின் 6 ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேமில் விதவைகளுக்கு நாளாந்தம் உணவு பகிர்ந்தார்கள். கிரேக்க மொழி பேசும் விதவைகளுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை என்று அந்தப் பக்கத்தார் முறையிட்டார்கள். சாப்பாடும் மொழியும் சேர்ந்த பிணக்கு. எமது ஒன்றுகூடல்களில் நடப்பது போலவே இல்லையா?

பன்னிரு திருத்தூதரும் என்ன செய்தார்கள்? முறையிட்டவர்களை அடக்கவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு, நற்பெயர் உள்ள ஏழு பேரைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். அந்த ஏழு பெயரையும் கவனியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே பந்திப் பொறுப்பு போனது போலத் தெரிகிறது. குறை சொல்பவரிடம் பொறுப்பைக் கொடுத்துப் பார்ப்பது எவ்வளவு பெரிய புத்தி! அதற்குப் பின் சீடர்களின் தொகை பெருகியது என்றும் அந்த நூல் சொல்கிறது.

அதற்கும் முந்திய கதை விடுதலைப் பயணம் 18 இல் உள்ளது. மோசே காலையில் இருந்து மாலை வரை தானே இருந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்தார். அவருடைய மாமனார் இத்திரோ வந்து பார்த்து, இது நல்லதல்ல, நீயும் களைத்துப்போவாய், சனமும் களைத்துப்போகும் என்ற கருத்தில் புத்தி சொன்னார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று பொறுப்பாளர்களை வைக்கச் சொன்னார். மோசேயும் கேட்டார். எல்லாம் தானே செய்யும் எங்கள் முதலாம் வகைத் தொண்டருக்கு இந்த அதிகாரத்தை வாசிக்கக் கொடுக்கலாம். அவரைக் குறை சொல்வதாக இராது. மோசேயோடு ஒப்பிட்டால் யாருக்குத்தான் கோபம் வரும்?

முதலில் யாரிடம் பேசுவது?

மத்தேயு 18 ஆம் அதிகாரத்தில் இயேசு படிப்படியாக ஒரு முறை சொல்கிறார். சகோதரர் பிழை செய்தால் முதலில் தனியே போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல்.

நாங்கள் செய்வது தலைகீழ். முதலில் வட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். அது சபைக்குச் சொல்வது. பிறகு இரண்டு பேர் தொலைபேசியில் கதைக்கிறார்கள். சம்பந்தப்பட்டவரோடு மட்டும் யாரும் பேசுவதில்லை. அவருக்கு விசயம் கனடாவில் இருக்கும் மச்சான் மூலம் தெரியவரும்!

தனியே பேசுவதிலும் ஒரு முறை இருக்கிறது. நான் கண்டு பயன்பட்டவற்றைச் சொல்கிறேன்.

பெருநாள் நடக்கும்போது பேசக்கூடாது. அன்று அவரும் களைப்பு, நாங்களும் களைப்பு. இரண்டு நாள் கழித்து அவருடைய வீட்டுக்குப் போக வேண்டும். இரவு வேலை முடித்து வந்து படுத்திருப்பாரா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வயதில் மூத்தவரானால் தனி இளைஞரை அனுப்பாமல், அவர் மதிக்கும் ஒருவரோடு போவது நல்லது. எங்கள் பண்பாட்டில் இருபத்தைந்து வயதுப் பெடியன் அறுபது வயது அண்ணையிடம் பிழை சொன்னால், பிழை என்னவென்று அவர் கேட்கமாட்டார். பெடியன் சொன்னான் என்பது மட்டுமே நிற்கும்.

ஆளைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல வேண்டும். "அக்கா, உங்களுக்கு எப்பவும் கோபம்" என்றால் சண்டை. "அக்கா, போன ஞாயிறு வெங்காயம் வெட்டின பிள்ளை அழுதுகொண்டு போனது. அவளை எப்பிடித் திரும்பக் கூப்பிடுவம்?" என்றால், அக்காவே வழி சொல்லுவார்.

முன்பு செய்த தொண்டை முதலில் சொல்ல வேண்டும், அதுவும் உண்மையாக இருக்க வேண்டும். இருபது வருடம் குளிரிலும் பனியிலும் கதவு திறந்தவருக்கு ஒரு நாளாவது எல்லோருக்கும் முன்னால் நன்றி சொன்னோமா?

பொறுப்பை எழுதி வைத்தல்

நான் வேலை செய்யும் இடத்தில் முறை மாறும்போது பத்து நிமிடம் கைமாற்றம் நடக்கும். எந்த மெசின் நின்றது, எந்தப் பொருள் முடிகிறது என்று முந்திய முறைக்காரர் பிந்தியவருக்குச் சொல்லி, கொப்பியில் எழுதிவிட்டே போக வேண்டும். சுவரில் ஒரு அட்டவணையும் தொங்குகிறது. எந்த மெசினை யார் யாருக்கு இயக்கத் தெரியும் என்று அதில் குறித்திருக்கும். ஒரு மெசினுக்கு நேரே ஒரு பெயர் மட்டும் இருந்தால் எங்கள் மைஸ்ரர் உடனே இரண்டாவது ஆளைப் பழக்கத் தொடங்குவார். அந்த ஒருவர் கெட்டவர் என்பதால் அல்ல. அவருக்கும் காய்ச்சல் வரும், அவரும் லீவில் போவார்.

இதே அட்டவணையைக் கோயிலுக்கும் போடலாம். சாவி, ஒலிபெருக்கி, பாடகர் குழு, பீடப் பிள்ளைகள், மறைக்கல்வி, சமையல், காணிக்கை எண்ணுதல் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு பெயர் வேண்டும். எல்லாப் பொறுப்புக்கும் கால எல்லையும் வேண்டும். இரண்டு வருடம் என்றால் இரண்டு வருடம். கால எல்லை இருந்தால் ஒருவரை 'நீக்க' வேண்டி வராது. காலம் முடிந்தது, நன்றி சொல்லி மாலை போட்டு அனுப்பலாம். திரும்பவும் தேவையென்றால் தெரிவு செய்யலாம்.

இது புதுப் பழக்கமும் அல்ல. ஊரில் பெருநாள் வந்தால் ஒவ்வொரு நவநாளையும் ஒவ்வொரு பகுதியார் பொறுப்பெடுப்பது வழக்கம்தானே? ஒருவரே ஒன்பது நாளும் செய்ததில்லை. இங்கே ஓகஸ்ட் மாதத்தில் கெவலார் மாதாவிடம் ஆயிரக்கணக்கான தமிழர்கள், சைவ சமயத்தவரும் சேர்ந்து, கூடுகிறோம். அவ்வளவு கூட்டத்தையும் ஒருவரால் நடத்த முடியுமா? வேலையைப் பிரித்துக் கொடுத்தால் மட்டுமே முடியும்.

தனிச் சங்கமாகப் பதிவு செய்து இயங்குபவர்களுக்கு இந்த நாட்டுச் சட்டமும் உதவி செய்கிறது. ஜேர்மனியில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும், எழுத்தில் யாப்பு வேண்டும், நிர்வாகசபை வேண்டும். யாப்பில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கினர் காரணத்தோடு எழுத்தில் கேட்டாலே பொதுக்கூட்டம் கூட்டியாக வேண்டும். எம்மில் பலர் யாப்பைப் பதிவுக்குக் கொடுத்த நாளோடு மறந்துவிட்டோம். அதை எடுத்து ஒருமுறை எல்லோருமாக வாசிப்பது நல்லது.

விட்டுக்கொடுக்கக்கூடாத இரண்டு விசயங்கள்

மற்ற எல்லாவற்றிலும் பொறுமை வேண்டும். பணத்திலும் பிள்ளைகளிலும் வேண்டாம்.

காணிக்கைப் பணத்தை ஒருவர் தனியே எண்ணக்கூடாது. ஜேர்மன்காரர் இதற்கு 'நாலு கண் விதி' என்று சொல்வார்கள். இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் கையொப்பமிட வேண்டும். வருடம் ஒருமுறை நிர்வாகத்தில் இல்லாத இருவர் கணக்கைப் பார்க்க வேண்டும். "என்னில நம்பிக்கை இல்லையோ?" என்று பொருளாளர் கேட்டால், "அண்ணை, உங்களில நம்பிக்கை இருக்கிறதாலதான். நாளைக்கு ஒருதரும் உங்களில பழி போடாமல் இருக்க வேணும்" என்று சொல்லலாம். அது உண்மையுந்தான். எழுதி வைத்த கணக்கு முதலில் பாதுகாப்பது பொருளாளரையே.

பிள்ளைகள் விசயம் இதைவிடப் பாரதூரமானது. பிள்ளைகளோடு பணி செய்பவர்களிடம் 'ஏர்வைற்றேற்றெஸ் பூறுங்ஸ்சொய்க்னிஸ்' என்னும் விரிவான நன்னடத்தைச் சான்று கேட்கும் முறை இந்த நாட்டில் 2010 இல் வந்தது. 2012 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்த சிறுவர் பாதுகாப்புச் சட்டம் அதை மேலும் வலுப்படுத்தியது. ஜேர்மன் மறைமாவட்டங்களும் தொண்டர்களிடம் இதைக் கேட்கின்றன. பங்கில் இருந்து கடிதம் வாங்கிக்கொண்டு நகரசபை அலுவலகத்தில் விண்ணப்பித்தால் தொண்டர்களுக்குக் கட்டணமும் இல்லை. சிலர் இதை அவமானமாக நினைத்து, "நான் என்ன கள்ளனோ?" என்கிறார்கள். மறைக்கல்வி ஆசிரியர், பீடப் பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர், நடனம் பழக்குபவர் என்று எல்லோருக்கும் ஒரே விதி என்று சொன்னால் அவமானம் போய்விடும். நிர்வாகசபையினர் முதலில் எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. அதற்குப் பின்னும் ஒருவர் மறுத்தால், அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், பிள்ளைகளோடான பொறுப்பைக் கொடுக்கக்கூடாது. ஒருவருடைய மனவருத்தத்தைப் பார்த்து எங்கள் பிள்ளைகளின் பாதுகாப்பை விட முடியாது.

பிரிய வேண்டி வந்தால்

எல்லாம் செய்தும் சில நேரம் சேர்ந்து பணி செய்ய முடியாமற் போகும். பவுலுக்கும் பர்னபாவுக்கும் அப்படித்தான் நடந்தது. முதற் பயணத்தில் பம்பிலியாவில் வைத்து இளைஞர் மாற்கு இடையில் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். எங்கள் மூன்றாம் வகைத் தொண்டரைப் போல! அடுத்த பயணத்துக்கு அவரையும் கூட்டிப்போக வேண்டும் என்று பர்னபா நின்றார். பவுல் முடியாது என்றார். மாற்கு பர்னபாவுக்கு உறவினர் என்று கொலோசையர் திருமுகம் சொல்கிறது. உறவு முறையும் இதற்குள் வந்துவிட்டது. கடும் வாக்குவாதப்பட்டு, பர்னபா மாற்குவோடு சைப்பிரசுக்கும், பவுல் சீலாவோடு சிரியாப் பக்கமும் போனார்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பிற்காலத்தில் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவர் என் பணிக்குப் பயன்படுவார் என்று பவுல் கேட்கிறார். ஒருகாலத்தில் வேண்டாம் என்று சொன்ன அதே மாற்குவை! பர்னபா அவருக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுத்தார். பவுலும் தன் எண்ணத்தை மாற்றத் தயங்கவில்லை.

ஆகவே ஒருவர் விலகிப் போகும்போது அவரைத் திட்டி அனுப்பக்கூடாது. அவர் வீட்டுச் சாவு வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் நாங்கள் போக வேண்டும். அவருடைய பிள்ளை முதல் நற்கருணை வாங்கும் நாளில் மற்றப் பிள்ளைகளைப் போலவே அந்தப் பிள்ளையையும் முன்வரிசையில் வைக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் இரண்டு மூன்று வருடத்தில் பலர் திரும்பி வருகிறார்கள். அப்படி வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இப்போது எங்களோடு இருக்கிறார்கள். அவர்கள் முன்னரைவிடப் பொறுமைசாலிகள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது மூன்று விசயத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர் இருக்கிறார்களா? காணிக்கையை எத்தனை பேர் எண்ணுகிறார்கள்? முப்பது வயதுக்குக் குறைந்த ஒருவருக்காவது உண்மையான பொறுப்பு, வெறுமனே கதிரை தூக்குவது அல்லாத பொறுப்பு, கொடுத்திருக்கிறோமா? பெண்கள் சமையற்கட்டில் மட்டும் நிற்கிறார்களா, அல்லது தீர்மானம் எடுக்கும் மேசையிலும் இருக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

இன்று எங்கள் கோயில்களைத் தாங்குபவர்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த அண்ணன்மாரும் அக்காமாரும். அவர்களுக்கு முழங்கால் நோகத் தொடங்கிவிட்டது. அவர்கள் உயிரோடும் மரியாதையோடும் இருக்கும்போதே சாவியை அடுத்தவர் கையில் கொடுக்கப் பழகுவோம். வாங்குகிற பிள்ளையும் இரண்டு கையையும் நீட்டி, "நன்றி அண்ணை, நீங்களும் பக்கத்தில நில்லுங்கோ" என்று சொல்லி வாங்கட்டும்.